பெட்ரோலில் கரைத்த காடு: ஓவியர் எமிலி கார்

1930-களில் ஒரு கோடைக் காலை. கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவர் தீவின் தென்முனையில் இருக்கும் விக்டோரியா நகருக்கு வெளியே, காட்டோரமாக ஒரு பழைய கேரவன் வண்டி நிற்கிறது. அதற்கு ‘யானை’ என்று பெயர். வண்டிக்காரிக்கு வயது அறுபதுக்கு மேல், கனத்த உடம்பு. துணைக்கு நாய்கள், ஒரு ஜாவாக் குரங்கு, ஒரு வெள்ளை எலி. மடக்கு முக்காலியில் உட்கார்ந்து, மூன்றடிக்கு இரண்டடி அளவுள்ள மணிலா காகிதத்தைப் பலகையில் பொருத்திக்கொள்கிறார். பொட்டலம் கட்டும் தாளைப் போல மங்கிய நிறத்தில், விலை மலிந்த காகிதம் அது. பக்கத்தில் எண்ணெய் வண்ணக் குழாய்கள், வீட்டுச் சுவருக்கு அடிக்கிற வெள்ளை பெயிண்ட், ஒரு டப்பா பெட்ரோல்.

எமிலி கார் இப்படித்தான் வேலை செய்தார். முழுப்பெயரைத் திரும்பத் திரும்ப எழுதினால் நமக்கு வாகனம் ஞாபகம் வரும் என்பதால் இனி எமிலி என்றே சொல்கிறேன். கனடாவில் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த பெயர். வான்கூவரில் ஒரு கலைப் பல்கலைக்கழகமே அவர் பெயரில் இருக்கிறது. அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் குரங்கு, கேரவன், ஒண்டிக்கட்டையான கோபக்காரக் கிழவி என்கிற விசித்திரங்களில் தொடங்கி அங்கேயே நின்றுவிடுவதும் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அந்த பெட்ரோல் டப்பா. நவீன நிலக்காட்சி ஓவியத்தில் அவர் சாதித்ததில் பெரும்பகுதி, கையில் காசில்லாததால் எடுத்த அந்த மலிவான வழியில் இருந்து வந்தது.

அவர் வரைய வேண்டியிருந்தது எப்படிப்பட்ட காடு என்று முதலில் தெரிய வேண்டும். ஐரோப்பிய நிலக்காட்சி ஓவியத்துக்கு ஒரு பழைய கணக்கு உண்டு. முன்னால் ஒரு பாறையோ பசுவோ, நடுவில் ஆறு, தூரத்தில் நீலமாய் மலை, இரண்டு பக்கமும் சட்டம் போட்டது போல மரங்கள். கண் முன்னிருந்து பின்னால் போய்வர ஒரு வழி இருக்கும். பசிபிக் கரையின் மழைக்காட்டில் இந்தக் கணக்கு செல்லாது. வான்கூவர் தீவின் மேற்குக் கரையில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இடங்கள் உண்டு. டக்ளஸ் ஃபிர், சிட்கா ஸ்புரூஸ், செந்நிற சீடர் மரங்கள் வானத்தை மறைத்து நிற்கும். அடியில் இடுப்பளவு புதர், விழுந்து மட்கிய மரம், அதன்மேல் முளைத்த மரம். தொடுவானம் இல்லை, தூரம் இல்லை. முகத்துக்கு நேராக ஈரப்பச்சைச் சுவர். இங்கிலாந்தில் இருந்து வந்து குடியேறிய நீர்வண்ண ஓவியர்களுக்கு இது வரையத் தகுந்த இடமாகவே தோன்றவில்லை. பெரும்பாலும் கரையோரம் உட்கார்ந்து மலையையும் படகையும் தீட்டினார்கள். வியாபாரிகள் காட்டைப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மரக்கட்டை.

எமிலி 1871 டிசம்பர் 13 அன்று விக்டோரியாவில் பிறந்தார். பிரிட்டிஷ் கொலம்பியா கனடாவோடு சேர்ந்ததும் அதே ஆண்டுதான். பெற்றோர் ஆங்கிலேயர்; தந்தை கண்டிப்பானவர், வீட்டை இங்கிலாந்தின் ஒரு துண்டாகவே நடத்தியவர். பதினான்கு வயதில் தாயையும் பதினாறில் தந்தையையும் இழந்தார். 1890-இல் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போய் மூன்று ஆண்டுகள் ஓவியம் படித்தார். 1899-இல் இங்கிலாந்து போனது உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. லண்டனின் நெரிசல் தாங்காமல் நோயில் விழுந்து, கடைசியில் ஒரு சானடோரியத்தில், அதாவது நெடுநாள் ஓய்வுச் சிகிச்சை தரும் மருத்துவமனையில், ஓராண்டுக்கும் மேல் கிடந்தார்.

அந்த இங்கிலாந்து ஆண்டுகளில் ஒரு சம்பவம் மட்டும் பின்னால் வரப்போவதற்கு முன்னோட்டம் போல இருக்கிறது. கார்ன்வாலில் செயின்ட் ஐவ்ஸ் என்கிற கடற்கரை ஊரில் ஜூலியஸ் ஓல்சன் என்பவரிடம் படித்தார். ஓல்சன் கடல் ஓவியர். மாணவர்களைக் கண்கூசும் வெயிலில் மணலில் நின்று வரையச் சொல்வார். எமிலிக்குத் தலைவலி மண்டையைப் பிளக்கும். அவர் மேட்டின் மேலிருந்த டிரெஜென்னா தோப்புக்கு ஓடிப்போய் நிழலில் உட்கார்ந்துகொள்வார். அங்கே கற்பித்த இன்னொருவரான ஆல்ஜெர்னான் டால்மேஜ் அதைத் தடுக்கவில்லை. நிழலுக்குள்ளும் வெயில் உண்டு, அதைப் பார் என்று சொல்லிக்கொடுத்தார். எமிலி அதைக் கடைசிவரை மறக்கவில்லை.

1910-இல் பிரான்ஸ் போனார். அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயது, பிரெஞ்சு தெரியாது. பாரிசும் உடம்புக்கு ஒத்துவராமல், ஹாரி ஃபெலான் கிப் என்கிற ஆங்கிலேய ஓவியரோடு கிராமப்புறங்களுக்குப் போய்ப் படித்தார். பின்பு கான்கார்னோவில், நியூசிலாந்துக்காரரான ஃபிரான்சிஸ் ஹாட்கின்ஸிடம் நீர்வண்ணம் பயின்றார். மரத்தின் நிழல் ஊதாவாக இருக்கலாம், பாதை சிவப்பாக இருக்கலாம் என்கிற சுதந்திரம் அங்கே கிடைத்தது. 1911-இல் பாரிசின் இலையுதிர்கால சலோன் கண்காட்சியில் அவருடைய இரண்டு ஓவியங்கள் இடம்பெற்றன.

திரும்பி வந்ததும் 1912 கோடையில் வடக்கே புறப்பட்டார். 1907-இல் அலாஸ்காவுக்குப் போனபோது சிட்காவில் குலக்குறித் தூண்களைப் பார்த்திருந்தார். பூர்வகுடி மக்கள் தங்கள் குலத்தின் விலங்குகளையும் மூதாதையரையும் ஒற்றை சீடர் மரத்தில் செதுக்கி, வீட்டு முன்னாலும் கல்லறையிலும் நிறுத்தும் தூண்கள் அவை. அழிவதற்குள் அவற்றை அவை நிற்கும் ஊரிலேயே வரைந்து வைத்துவிட வேண்டும் என்று எமிலி தீர்மானித்திருந்தார். ஸ்கீனா ஆற்றங்கரை, அலர்ட் பே, அப்போது குயீன் சார்லட் தீவுகள் என்றும் 2010 முதல் அதிகாரபூர்வமாக ஹைடா குவாய் என்றும் அழைக்கப்படும் தீவுகள் எனச் சுற்றினார். தீவுகளில் ஸ்கிடகேட் ஊரைச் சேர்ந்த கிளாரா, வில்லியம் ரஸ் தம்பதி அவரைத் தங்கள் படகில் ஏற்றிக்கொண்டு பழைய ஊர்களுக்குக் கூட்டிப் போனார்கள். 1862-இல் பரவிய பெரியம்மை ஹைடா மக்களில் பெரும்பகுதியினரைக் கொன்றிருந்தது. பிழைத்தவர்கள் இரண்டு ஊர்களில் ஒதுங்கியிருந்தார்கள். மற்ற ஊர்களில் தூண்கள் மட்டும் மழையில் நின்றன.

1913-இல் வான்கூவரில் ஒரு அரங்கை வாடகைக்கு எடுத்து சுமார் 200 படைப்புகளைக் காட்சிக்கு வைத்தார். தூண்களைப் பற்றி உரையும் நிகழ்த்தினார். மாகாண அரசு இவற்றை மொத்தமாக வாங்கி அருங்காட்சியகத்தில் வைக்கும் என்று நம்பினார். அரசு வாங்கவில்லை. ஆவணமாகக் கொள்வதற்கு நிறமும் தூரிகையும் மிகைப்பட்டிருந்தன. கலையாகக் கொள்ள ஊருக்குப் பழக்கமில்லை.

பிறகு விக்டோரியாவில் சிம்கோ தெருவில் வீடு கட்டி, ஒரு பகுதியை வாடகைக்கு விட்டார். உலகப் போர் வந்து வாடகை வீழ்ந்தது. குடித்தனக்காரர்களுக்குச் சமைத்தார், அடுப்புக் கரி சுமந்தார். பாப்டெயில் இன நாய்களை வளர்த்து விற்றார். மொத்தம் 350-க்கு மேல் குட்டிகள். சுற்றுலாப் பயணிகளுக்காகப் பூர்வகுடி வடிவங்கள் போட்ட மண்பாண்டங்கள் செய்தார். அந்த வடிவங்களைப் பண்டமாக்கி விற்றதில் தனக்கே கூச்சம் இருந்ததைப் பின்னாளில் எழுதியிருக்கிறார். ஓவிய அறையில் நாற்காலிகளைக் கப்பி போட்டு உத்தரத்தில் தொங்கவிட்டிருந்தார். வந்தவர் உட்காரலாம் என்று தோன்றினால்தான் நாற்காலி கீழே இறங்கும்.

இந்தப் பதினைந்து ஆண்டுகள் தான் தூரிகையையே தொடவில்லை என்று எமிலி சொல்வார். அது முழு உண்மையில்லை. குறைவாகத்தான் என்றாலும் வரைந்துகொண்டிருந்தார். 1920-களின் நடுவில் சியாட்டில் நகரக் கண்காட்சிகளுக்கு ஓவியங்கள் அனுப்பினார். 1913 காலத்துப் பத்திரிகை விமர்சனங்களும் அவர் நினைவுகூர்ந்த அளவுக்குக் கொடூரமானவையாக இல்லை. தன் கதையைச் சொல்வதில் எமிலி கைதேர்ந்தவர். காயங்களைக் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்வார். ஆனால் களைப்பும் கடனும் கற்பனையில்லை.

1927-இல் நிலைமை மாறியது. ஒட்டாவாவில் கனடாவின் தேசிய ஓவியக்கூடம், மேற்குக் கரையின் பூர்வகுடிக் கலையையும் நவீன ஓவியங்களையும் சேர்த்து ஒரு கண்காட்சி நடத்தியது. கூடத்தின் இயக்குநர் எரிக் பிரவுன் வீடு தேடி வந்து எமிலியின் பழைய ஓவியங்களைத் தேர்ந்தெடுத்தார். ஐம்பத்தாறை நெருங்கும் வயதில் எமிலி ரயிலேறினார். வழியில் டொராண்டோவில் ‘எழுவர் குழு’ ஓவியர்களைச் சந்தித்தார். 1920-இல் அமைந்த அந்தக் குழுதான் கனடாவின் வடக்கு நிலத்தை நவீன முறையில் தீட்டிப் பெயர் வாங்கியிருந்தது. குழுவின் மையமான லாரன் ஹாரிஸின் ஓவியங்கள் முன்னால் அவர் ஆடிப்போய் நின்றார். மலை, பனி, ஏரி எல்லாம் சுத்தமான வடிவங்களாகக் குறைந்து, உள்ளிருந்து ஒளி விடுவது போல இருந்தன. எமிலியும் எங்களில் ஒருவர்தான் என்று ஹாரிஸ் சொன்னார். பல ஆண்டுகள் கடிதப் போக்குவரத்து நடந்தது.

அந்தச் சந்திப்பு என்ன செய்தது என்று பார்க்க ஒரே காக்கையின் இரண்டு ஓவியங்களைப் பக்கத்தில் வைக்கலாம். ஹைடா குவாயில் கம்ஷீவா என்கிற ஆளில்லாத ஊரில், குட்டையான கம்பத்தின் மேல் மரத்தில் செதுக்கிய பெரிய அண்டங்காக்கை ஒன்று இருந்தது. 1912-இல் எமிலி அதை நீர்வண்ணத்தில் வரைந்தார். காக்கை, புல், மேகமூட்டம் எல்லாம் அதனதன் இடத்தில். மழைநாளின் ஈரம் தெரிகிற நல்ல பதிவு. 1931-இல் அதே படத்தை வைத்துக்கொண்டு எண்ணெய் வண்ணத்தில் ‘பெரிய அண்டங்காக்கை’ தீட்டினார். இதில் வானம் கற்பாளம் பாளமாகப் பிளந்து மேலிருந்து இறங்குகிறது. கீழே புதர் கடலலை போலத் திரண்டு எழுகிறது. இரண்டுக்கும் நடுவில் காக்கை அசையாமல் நிற்கிறது. இலை என்று ஒன்றைத் தனியாகக் காட்ட முடியாது. எல்லாம் வளைந்து திரண்ட கனம். பொருளைக் கோணத் துண்டுகளாக உடைத்துக் காட்டும் கியூபிசம் என்கிற ஓவியமுறை வடிவத்துக்குக் கற்றுக்கொடுத்த கட்டமைப்பும் (1928-இல் சியாட்டிலில் இருந்து ஓவியர் மார்க் டோபி வந்து எமிலியின் அறையிலேயே வகுப்பெடுத்திருந்தார்) ஹாரிஸின் ஒளியும் இதில் சேர்ந்திருக்கின்றன.

என் கண்ணுக்கு இதில் ஒரு குறையும் இருக்கிறது. எல்லாம் அசைவது போலத் தோன்றினாலும் உறைந்துபோயிருக்கிறது. அலை சிமென்டில் வார்த்த அலை. ஹாரிஸின் பாணி பனிமலைக்குப் பொருந்தியது. காற்றிலாடும் காட்டுக்கு அது இறுக்கமான சட்டை. ஹாரிஸே சொன்னதுதான்: கொஞ்ச நாள் தூண்களை விட்டுவிடு, அவை வேறொருவர் செய்த கலை, காட்டிலேயே உனக்கான வடிவத்தைத் தேடு. எமிலி கேட்டுக்கொண்டார். ஆனால் காடு பெரிது. கான்வாஸ் விலை அதிகம், காட்டுக்குள் தூக்கிப்போவதும் சிரமம், எண்ணெய் வண்ணம் காயவும் நாளாகும். நீர்வண்ணத்துக்கு வேகம் உண்டு, அந்த அடர்த்தி இல்லை.

1932 வாக்கில்தான் பெட்ரோல் வருகிறது. எண்ணெய் வண்ணத்தை வெள்ளை பெயிண்டோடு கலந்து, பெட்ரோலைத் தாராளமாக ஊற்றிக் கரைத்தால் அது தண்ணீர் போல ஓடும். பெட்ரோல் நொடியில் ஆவியாகும், காகிதம் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும், வண்ணம் உடனே காயும். மேலே அடுத்த கோடு போடலாம். காகிதம் மலிவு என்பதால் கெட்டுப்போனால் கிழித்துப் போடலாம். மலிவால் கிடைத்த தைரியமும் சின்ன விஷயமில்லை. கான்வாஸின் விலை மனதில் இருக்கும்போது கை கொஞ்சம் பயப்படும். மூன்றடித் தாளில் தோளில் இருந்து கையை வீசி ஒரே மூச்சில் மரத்தை மேலேற்றிவிடலாம்.

இப்படி வரைந்த தாள்களை நெருங்கிப் பார்த்தால் தூரிகை போன பாதை அப்படியே தெரியும். தடித்த மயிர்த்தூரிகை வண்ணத்தை இழுத்துக்கொண்டு போய், வண்ணம் தீரும் இடத்தில் இழை இழையாகப் பிரிகிறது. கோடுகளுக்கு நடுவே வெறும் காகிதம். மூடாமல் விட்ட அந்த இடங்கள்தான் காற்றாகவும் வெளிச்சமாகவும் வேலை செய்கின்றன. மரம் ஒரு பொருளாக இல்லாமல் மேல்நோக்கிய வீச்சாக இருக்கிறது. வானத்தில் வண்ணம் வளையம் வளையமாகச் சுற்றி, குளத்தில் கல் போட்டதுபோல மரநுனியில் இருந்து விரிகிறது. நிழலுக்குள் வெயிலைத் தேடிய டிரெஜென்னா தோப்பின் பாடத்துக்கு முப்பது ஆண்டு கழித்துக் கருவி கிடைத்திருந்தது.

1933-இல் கேரவனை வாங்கினார். ஒவ்வோர் ஆண்டும் கோல்ட்ஸ்ட்ரீம், எஸ்குவைமால்ட் காயல், மெட்சோசின் என்று விக்டோரியாவைச் சுற்றிய இடங்களுக்கு அதை இழுத்துப்போகச் செய்து, வாரக்கணக்கில் தங்கினார். தொலைதூரப் பயணத்துக்கு உடம்பிலும் பணத்திலும் வலு இல்லை. நல்லதாகவே போயிற்று என்பேன். வெட்டி மொட்டையடித்த காடு, சரளைக்கல் தோண்டிய பள்ளம், பாழ்நிலத்தின் மேல் பரந்த வானம் எல்லாம் ஓவியத்துக்கு வந்தது அதனால்தான். மற்ற நிலக்காட்சி ஓவியர்கள் கோடரி படாத நிலத்தைத் தேடிப் போனபோது எமிலி அடிமரக் கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்தார்.

வெட்டிய அடிமரத்தில் ஒரு விஷயம் கவனித்திருக்கிறார். ரம்பம் இரண்டு பக்கமும் அறுத்துவந்து நடுவில் கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே மரம் சாயத் தொடங்கும். அந்த மிச்சம் அறுபடாமல் பிய்ந்து, கட்டையின் மேல் கூர்கூராக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கூர்களுக்கு ‘அலறிகள்’ என்று தன் நாட்குறிப்பில் பெயர் வைத்தார். விழும் நொடியில் மரம் போட்ட கூச்சல் அப்படியே கட்டையில் நிற்கிறது என்பது அவர் கணக்கு.

1935-இல் தீட்டிய ‘மரக்கட்டையாக இகழப்பட்டு, வானத்தால் நேசிக்கப்பட்டது’ அந்த நிலத்தில் இருந்து வந்தது. நெடுக நிற்கும் கான்வாஸ். வெட்டி முடித்த நிலத்தில் ஒற்றை மரம். தண்டு ஒல்லி, உச்சியில் மட்டும் ஒரு கொத்து இலை. வியாபாரத்துக்கு உதவாத மரம் என்று வெட்டாமல் விட்டுப்போனது. கீழே அடிமரக் கட்டைகள். படத்தின் பெரும்பகுதி வானம்தான்; மரத்தின் உச்சியைச் சுற்றி வெளிச்சம் அலை அலையாக அதிர்கிறது. காகிதத்தில் பழகிய வீச்சு இப்போது கான்வாஸுக்கே வந்துவிட்டது. தலைப்பு கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டதுதான், ஓவியம் அப்படியில்லை. கட்டைகளை அழவைக்காமல், கல்லறைப் பலகைகளாகவும் ஆக்காமல், நிலத்தின் மேடுபள்ளத்தோடு சேர்த்துத் தீட்டியிருக்கிறார்.

எமிலியின் பூர்வகுடி ஓவியங்கள் பற்றிய சர்ச்சையைச் சொல்லாமல் போக முடியாது. 1885 முதல் 1951 வரை, மேற்குக் கரை மக்களின் பொட்லாட்ச் விழாவைக் கனடா சட்டம் போட்டுத் தடைசெய்திருந்தது. தூண்கள் எழுப்பப்பட்டதும் குலப்பெயர் வழங்கப்பட்டதும் இந்த விழாக்களில்தான். தூண்களையும் முகமூடிகளையும் அருங்காட்சியகங்கள் அள்ளிக்கொண்டிருந்தன. அந்தக் காலத்தில் ஆளில்லாத ஊரில் சாய்ந்து நிற்கும் தூணைத் தீட்டுவது, அந்த மக்களே முடிந்துபோனார்கள் என்று சொல்வதாகிவிடாதா? ஹைடா–சிம்ஷியன் பூர்வகுடி மரபைச் சேர்ந்த அறிஞர் மார்சியா கிராஸ்பி 1990-களின் தொடக்கத்தில் இதைக் கடுமையாகக் கேட்டார். எமிலியைப் படகில் கூட்டிப்போனவர்களே அந்த மக்கள்தான்; அவர்கள் எங்கும் போய்விடவில்லை. எமிலி அவர்கள்மீது வைத்திருந்த மரியாதை உண்மை, ஸ்க்வாமிஷ் பூர்வகுடியைச் சேர்ந்த கூடைமுடைவாளர் சோஃபி ஃபிராங்கோடு முப்பது ஆண்டுக்கு மேல் நீடித்த நட்பும் உண்மை. ஆனால் அந்தக் கேள்விக்கு இவை பதிலாகா. அவருடைய காட்டு ஓவியங்கள் எனக்கு மேலாகப் படுவதற்கு இதுவும் ஒரு காரணம். அங்கே அவர் மற்றவர் செதுக்கியதைக் கடன் வாங்கவில்லை.

1929-இல் தீட்டிய ஒரு ஓவியத்தின் பெயரே மாறியிருக்கிறது. யூகொட் என்னும் பூர்வகுடி ஊரின் வெள்ளைத் தேவாலயத்தை ஒரு பச்சை மலைப்பாம்பு விழுங்குவது போலக் காடு சூழ்ந்திருக்கும் படம். லாரன் ஹாரிஸ் விலைக்கு வாங்கித் தன் சாப்பாட்டு அறையில் மாட்டியிருந்தார். பூர்வகுடி மக்களை அன்று ‘இந்தியர்’ என்றே அழைத்தார்கள்; அப்படி ‘இந்தியத் தேவாலயம்’ என்று எமிலி வைத்த பெயரை 2018-இல் டொராண்டோவின் ஒன்டாரியோ ஓவியக்கூடம் ‘யூகொட் கிராமத்துத் தேவாலயம்’ என்று மாற்றியது. ஓவியர் வைத்த பெயரில் கைவைக்கலாமா என்று பெரிய வாதம் நடந்தது.

1937-இல் மாரடைப்பு. கேரவன் வாழ்க்கை ஏறக்குறைய முடிந்தது. குரங்கு வான்கூவர் ஸ்டான்லி பார்க் விலங்குக்காட்சிச் சாலைக்குப் போனது. படுக்கையில் இருந்தபடி எழுதத் தொடங்கினார். பூர்வகுடி ஊர்ப் பயணங்களைப் பற்றி 1941-இல் வந்த முதல் புத்தகம் கனடாவின் கவர்னர் ஜெனரல் விருதைப் பெற்றது. ஓவியராகத் தெரியாதவர்களுக்கும் எழுத்தாளராகத் தெரிந்தார். 1945 மார்ச் 2 அன்று விக்டோரியாவில் இறந்தபோது, பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் அறிவித்த கௌரவ டாக்டர் பட்டம் இன்னும் கைக்கு வந்திருக்கவில்லை.

விலை நிலவரம் பிறகு தலைகீழானது. 2013-இல் ஒரு ஓவியம் 33 லட்சம் கனடா டாலருக்கு மேல் ஏலம் போனது. 1912 பயணத்து ஓவியம் ஒன்று நியூயார்க் அருகே பழைய சாமான் விற்பனையில் 50 டாலருக்குக் கிடைத்து, 2024-இல் லட்சக்கணக்கான டாலருக்கு விற்றது.

மணிலா காகிதத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. மரக்கூழில் செய்த மலிவான தாள் என்பதால் அதில் அமிலம் அதிகம். வெளிச்சம் பட்டால் வேகமாகப் பழுப்பேறும், நொறுங்கும். எமிலி பல இடங்களில் வானத்துக்கு வண்ணமே போடாமல் தாளை அப்படியே விட்டிருந்தார். அன்று வெளிறிய மஞ்சளாக இருந்த அந்த வானங்கள் இப்போது தேநீர் நிறத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. ஓவியக்கூடங்கள் அவற்றை மங்கிய விளக்கில் சில மாதங்கள் மாட்டிவிட்டு, மறுபடி இருட்டறையில் கொண்டுபோய் வைக்கின்றன.